1500 சிசியா, 1800 சிசியா? கோண்டாவில் குடும்பம் ஒன்று பாவித்த சலூன் கார் வாங்கிய விவரம்

பின்னணி

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கும் ஒரு குடும்பம் 2025 ஏப்ரலில் கார் தேடத் தொடங்கியது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், அவருடைய மனைவி, வங்கியில் வேலை செய்யும் மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன் என்று மொத்தம் ஐந்து பேர். ஆசிரியரை ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அதுவரை வீட்டில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு ஸ்கூட்டியும்தான், மற்ற ஓட்டமெல்லாம் ஓட்டோவில். மாஸ்டரின் மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு போதனா வைத்தியசாலை கிளினிக்குக்குப் போய்வருவது பெரும் கஷ்டமாகிவிட்டது, ஓட்டோவில் ஏறி இறங்குவதே அவருக்கு வலி. அதனால்தான் கார் வாங்கும் பேச்சே வந்தது.

பாவித்த ஜப்பான் கார்களை வாங்குகிறவர்களுக்காகப் பார்த்துச் சொல்வது என் வேலை. மகன் என்னிடம் வந்தபோது எந்தக் கார் என்பதை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்: டொயோட்டா பிரீமியோ அல்லது அலியன், 260 உடம்பு (அந்தத் தலைமுறைக் கார்களுக்கு உள்ள பெயர்). இரண்டும் உள்ளே ஒரே கார், முகமும் பின்பக்கமும் உள்அலங்காரமும்தான் வேறு. மிச்சம் இருந்த கேள்வி ஒன்றுதான். “அண்ணை, ஆயிரத்தைஞ்நூறு எடுக்கிறதோ, ஆயிரத்தெண்ணூறு எடுக்கிறதோ?”

மாஸ்டருக்கு 1.5, அதாவது 1500 சிசி எஞ்சின். மகனுக்கு 1.8. இரண்டு பேரும் வீட்டில் இதைப் பேசிப் பேசி முகம் திருப்பும் அளவுக்கு வந்திருந்தார்கள்.

சிசி ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது

260 உடம்பு ஜப்பானில் 2007இல் வந்தது. அங்கே 1.5, 1.8, 2.0 என்று மூன்று எஞ்சினோடும் விற்றார்கள். ஆனால் எங்கள் வீதிகளில் ஓடுகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை 1.5தான். காரணம் வரி. இறக்குமதி வரி எஞ்சின் கொள்ளளவை வைத்துப் படி படியாக ஏறும், 1500 அதில் ஒரு முக்கியமான படி. இப்போதைய முறையில் ஒவ்வொரு சிசிக்கும் இவ்வளவு ரூபாய் என்று கணக்கு, படி ஏற ஏற அந்தச் சிசி ஒன்றுக்கான ரூபாயும் ஏறும். ஆகவே 1.8 ஒன்றை இறக்கியவர் அப்போதே விரும்பி அதிகம் கட்டியவர். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சப் பேர், ஆனபடியால் சந்தையில் கார்களும் கொஞ்சம்.

அப்புறம் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிதாக வந்திறங்குகிற எதையும் ஒரு ஆசிரியரின் ஓய்வூதியக் குடும்பம் தொட முடியாது. எனவே எல்லோரும் பதினைந்து, பதினாறு வருடக் கார்களைத்தான் சுற்றிச் சுற்றி வாங்குகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலும் ஒரு பாரம் இருக்கிறது. பெற்றோல் என்றால் எங்கள் ஆட்களுக்கு வெறும் செலவு அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது, இரண்டு துளி பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். 2022இல் மறுபடியும் பெற்றோல் செட்டுகளில் இரவு பகலாக வரிசை, கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். மாஸ்டர் இரண்டையும் கண்டவர். “தம்பி, சின்ன எஞ்சின்தான் எப்பவும் கை குடுக்கும்” என்று அவர் சொன்னதை ஒரு கிழவரின் பிடிவாதம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு கணக்காவது காட்டிப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

காருக்கு என்ன வேலை

சிசியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தக் கார் ஒரு வருடத்தில் எங்கெங்கே ஓடும் என்று எழுதச் சொன்னேன். மாஸ்டர் கொப்பி எடுத்துக் கோடு போட்டு எழுதினார்.

ஊருக்குள்: பேரனின் பள்ளிக்கூடம், மகனின் வங்கி, கிளினிக், திருநெல்வேலிச் சந்தை, கோயில். மாதம் ஏறக்குறைய 700 கிலோமீற்றர், எல்லாம் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டம், எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்துகிற ஓட்டம். மாதம் ஒரு தடவை வவுனியா, அங்கே மாஸ்டரின் மகள் இருக்கிறார், போய்வர 280. வருடத்தில் இரண்டு தடவை மருமகளின் தாய் வீடு, ஹற்றன். மாத்தளை, கண்டி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக 1,200 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும், ஐந்து பேரோடும் பெட்டிகளோடும். அங்கே ஓடித் திரிவதையும் சேர்த்து ஒரு தடவைக்கு 800 என்று போட்டோம்.

அந்தக் கொப்பியைப் பார்த்தபோதே எனக்கு ஒன்று தெளிவானது. இந்தக் காருடைய ஓட்டத்தில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் யாழ்ப்பாணத்துச் சமதரையில்தான். அதற்கு எந்த எஞ்சினும் போதும், 1000 சிசிகூடப் போதும். மலை என்பது வருடத்தில் ஒரு சில நாள். மகன் 1.8க்குச் சொன்ன ஒரே காரணம் ஹற்றன் ஏற்றம். மாஸ்டர் 1.5க்குச் சொன்ன ஒரே காரணம் பெற்றோல். இரண்டு பேருமே தங்கள் காரணத்தை உள்ளதைவிடப் பெரிதாக நினைத்திருந்தார்கள்.

முதல் கார்: பருத்தித்துறையில் ஒரு 1.5

2008ஆம் ஆண்டுப் பிரீமியோ, முத்து வெள்ளை, மீற்றரில் 86,000. புரோக்கர் கேட்டது 106 லட்சம். படத்தில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும்.

முதலில் சசி இலக்கத்தை, அதாவது காரின் உடம்பில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பார்த்தேன். இந்த உடம்பில் என்இசட்டி260 என்று தொடங்கினால் 1.5, இசட்ஆர்டி260 என்றால் 1.8, இசட்ஆர்டி261 என்றால் 2.0. பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிற எழுத்தை நம்பக் கூடாது, அது கடையில் விற்கிற சாமான். சசியில் உள்ளதும் பதிவுப் புத்தகத்தில் உள்ள சிசியும் ஒன்றாக இருக்க வேண்டும், இதில் சரியாக இருந்தது.

பிழைத்தது மீற்றர். விற்பவரிடம் ஜப்பானில் ஏலத்தில் எடுத்தபோது கொடுத்த ஒக்ஷன் ஷீற் இருந்தது, அவராகவே காட்டினார். அதில் வாங்கும்போதே 61,000 ஓடியிருந்தது. அப்படியென்றால் இலங்கைக்கு வந்து இத்தனை வருடத்தில் 25,000தான் ஓடியிருக்க வேண்டும். ஸ்ரேரிங் வளையத்தின் மேல்தோல் வழுக்கையாகி இருந்தது, பிரேக் மிதியின் றப்பர் ஒரு பக்கம் தேய்ந்து இரும்பு தெரிந்தது, சாரதி இருக்கையின் வெளிப்பக்கம் அமுங்கிப் போயிருந்தது. 25,000 ஓட்டத்தில் இதெல்லாம் வராது. கீழே படுத்துப் பார்த்தால் கதவுக்குக் கீழான விளிம்பிலும் பின் சில்லுக்கு முன்னாலும் துரு, அதன் மேல் புதிதாகக் கறுப்புப் பூச்சு. கடற்கரைக் காற்றில் வருடக்கணக்காக நின்ற கார்களில் நான் அடிக்கடி பார்ப்பது. பூச்சுப் பூசியதில் தவறில்லை, துருவைச் சுரண்டாமல் மேலே பூசியதுதான் தவறு.

வல்லை வெளியில் ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிவிடி கியர் பொக்ஸ் (படி படியாக இல்லாமல் தானாக மாறும் வகை) நின்று புறப்படும்போது ஒரு நடுக்கம் காட்டியது, ஒயிலை எடுத்துப் பார்த்தால் கறுப்பு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மாஸ்டருக்கு மனம் வரவில்லை, 1.5 அல்லவா. வரும் வழியில் நான் அவரிடம் சொன்னது: “மாஸ்டர், சிசி சின்னன் எண்டதுக்காக உந்தக் கியர் பொக்ஸ் சிலவு குறையாது.”

இரண்டாவதும் மூன்றாவதும்

இரண்டாவது மானிப்பாயில், இதுவும் 2008 பிரீமியோ, 1.5. மீற்றர் 121,000, கராஜ் பில்கள் வரிசையாக இருந்தன, மிதியும் இருக்கையும் அந்த ஓட்டத்துக்குப் பொருந்தின. துரு இல்லை. இது நல்ல கார். கடைசி விலை 104 லட்சம், அதற்குக் கீழே ஒரு சதமும் இல்லை, ஏனென்றால் விற்பவருக்குத் தெரியும், நாளைக்கே வேறு ஆள் வரும்.

மூன்றாவது வவுனியாவில், மாஸ்டரின் மருமகன் கண்டுபிடித்தது. 2009 அலியன், 1.8, வெள்ளி நிறம், மீற்றர் 158,000. முதல் உரிமையாளர் கொழும்பு, இரண்டாவது ஆள்தான் இப்போது விற்பவர். ஒக்ஷன் ஷீற், சேர்விஸ் பதிவு எல்லாம் இருந்தன. கீழ்ப்பக்கம் சுத்தம். சிவிடி ஒயில் மாற்றி அதிக நாள் ஆகவில்லை, நடுக்கம் இல்லை. ஒரு குறை: ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் மண் நிறத்தில் படிவு. கூலன்ற் (எஞ்சினைக் குளிராக்கும் திரவம்) குறையும்போதெல்லாம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் போலவே அந்தத் தண்ணீரும் கொதித்தால் கேத்தலில் வெள்ளைப் படிவு விடும். அந்தத் திரவத்தை எஞ்சினுக்குள் ஓடவிடும் வோட்டர் பம்பைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன், காய்ந்திருந்தது. இந்தக் குறையைக் காட்டிப் பேசி 96 லட்சத்துக்கு வந்தது.

எட்டு லட்சம் வித்தியாசம். ஒரு வருடம் புதியது, ஆனால் 37,000 கிலோமீற்றர் கூட ஓடியது. நிலைமை இரண்டிலும் நல்லது. கேள்வி இப்போதுதான் உண்மையாகவே எஞ்சினைப் பற்றியதாக ஆனது. (இடையில் ஒரு அக்ஸியோவும் பார்த்தோம், மாஸ்டரின் மனைவிக்குப் பின்னிருக்கையில் கால் நீட்ட இடம் போதவில்லை, அதோடு விட்டுவிட்டோம்.)

ஓட்டிப் பார்த்தது

இரண்டு எஞ்சினையும் தாளில் பார்த்தால் இப்படி. 1.5இல் இருப்பது 1 என்இசட், 1,496 சிசி, 110 குதிரைவலு, இழுவை 140 நியூட்டன் மீற்றர் அளவு. 1.8இல் 2 இசட்ஆர், 1,797 சிசி, 136 குதிரைவலு, 175 நியூட்டன் மீற்றர் அளவு. இரண்டிலும் ரைமிங் செயின்தான், ரைமிங் பெல்ற் மாற்றும் செலவு இல்லை. இரண்டும் ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்தவை, எங்கள் 92 ஒக்ரேனே போதும், 95 அடித்தால்தான் நல்லது என்று யாராவது சொன்னால் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக ஒருவர் ஏறி ஓட்டினால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபடாது. அதுதான் வாங்குகிற ஆட்கள் செய்வது: புரோக்கரும் அவர்களுமாக ஒரு சுற்று, அவ்வளவுதான். நான் குடும்பத்தையே ஏற்றச் சொன்னேன், ஏசியை முழுக்க வைக்கச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது, ஆகவே பாரத்தால்தான் சோதிக்க முடியும். மானிப்பாய்க் காரை அப்படியே வல்லை வெளிக்குக் கொண்டுபோனோம், வவுனியாக் காரை ஏ9இல் ஓமந்தைப் பக்கம். ஓடுகிற வேகத்தில் 40இலிருந்து 70க்கு எப்படி எழும்புகிறது என்று மட்டும் பார்த்தோம், அதற்கு மேல் போக வெளிவீதிச் சட்டமும் விடாது.

1.5 எழும்பியது. ஆனால் எஞ்சின் சுற்று 4,000ஐத் தாண்டிச் சத்தம் போட்டது, சிவிடி சுற்றை ஏற்றி வைத்துக்கொண்டு வேகத்தை மெல்ல மெல்லத்தான் கொடுத்தது, இது அந்தக் கியர் பொக்ஸின் இயல்பு, பழுது இல்லை. 1.8 அதே பாரத்தோடு 3,000 அளவிலேயே வேலையை முடித்தது. பஸ் ஒன்றை முந்த வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம் நேரமாக மாறும். ஏ9இல் இரண்டு திசையிலும் ஒவ்வொரு வழிதான், எதிரே லொறி வரும்போது அந்த நேரம் எனக்கு முக்கியம். மாஸ்டரின் மனைவி பின்னிருக்கையில் இருந்து சொன்னது வேறு: “இது அலறேல்லை.” அவர் எஞ்சினைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான், மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டார்.

பெற்றோல் கணக்கும் வட்டிக் கணக்கும்

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தோம். 260 உடம்புக் கார்கள் பலவற்றை நான் பார்த்திருப்பதால் கிடைத்த அளவுகளைக் கொடுத்தேன். ஊருக்குள் 1.5 லீற்றருக்கு 10, 1.8 லீற்றருக்கு 8.5. நீண்ட ஓட்டத்தில் 15, 13. மலையில் 13, 12.

கடைசி வரியில் மாஸ்டர் நிறுத்தினார். மலையில் ஏன் வித்தியாசம் குறைகிறது என்று கேட்டார். ஏற்றத்தில் ஒரு காரை மேலே தூக்கத் தேவைப்படும் வலு பாரத்தைப் பொறுத்தது, சிசியைப் பொறுத்தது அல்ல. ஐந்து பேரோடு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் நிறை, அதைத் தூக்க இரண்டு எஞ்சினும் கிட்டத்தட்ட அதே பெற்றோலை எரிக்கத்தான் வேண்டும், சின்னது கூடச் சுற்றி எரிக்கிறது, பெரியது குறையச் சுற்றி எரிக்கிறது. பெரிய எஞ்சின் வீணாக்குவது ஊருக்குள்தான்: சந்தியில் நிற்கும்போது, ஏசியோடு காத்திருக்கும்போது, வேலையில்லாமல் சும்மா சுற்றும்போது. ஆகவே 1.8இன் பெற்றோல் நட்டம் மலையில் இல்லை, பலாலி வீதியில்தான் இருக்கிறது.

வருடத்துக்கு ஊருக்குள் 8,400 கிலோமீற்றர், வித்தியாசம் 148 லீற்றர். வவுனியா ஓட்டத்தில் 34. ஹற்றனில் 10. எல்லாம் சேர்த்து 190 லீற்றர் அளவு. அப்போது 92 ஒக்ரேன் லீற்றர் 300 ரூபாய்க்கு அண்மையாக இருந்தது. வருடத்துக்கு 57,000, மாதத்துக்கு 4,750.

மாஸ்டர் இதை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். அவர் மனதில் இருந்தது இதைப் போல மூன்று நான்கு மடங்கு.

அடுத்துச் சொல்லக் கூடியது, எட்டு லட்சம் குறைவாக வாங்கினால் பதினான்கு வருடப் பெற்றோல் வித்தியாசம் மிச்சம் என்பது. மகன் அப்படித்தான் சொன்னார். மாஸ்டர் உடனே மறுத்தார், அது சரியான மறுப்பும்கூட: வாங்கும்போது 1.8க்கு எட்டு லட்சம் குறைவென்றால் விற்கும்போதும் குறைவுதான், அது மிச்சமில்லை, தள்ளிப் போட்டது மட்டும். 1.8 விலை குறைந்ததால் லாபம் என்று சொல்லும் புரோக்கர்கள் இந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் மகன் வங்கிக்காரர், இன்னொரு வரி எழுதினார். கையில் இருந்தது 60 லட்சம், மாஸ்டரின் பணிக்கொடையும் சேமிப்பும். மிச்சம் லீசிங். எடுக்கும் காரின் விலை எட்டு லட்சம் கூடினால் அந்த எட்டும் லீசிங்கில்தான் போகும், அவர்களுக்குச் சொல்லப்பட்ட வட்டி 14 வீதம் அளவு. முதல் வருடத்தில் மட்டும் அந்த எட்டு லட்சத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வட்டி. பெற்றோலில் 57,000 மிச்சம் பிடிக்க வட்டியில் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டுவதா? கடன் தொகை குறையக் குறைய வட்டியும் குறையும், சரி, ஆனால் லீசிங் ஓடும் முதல் இரண்டு வருடத்துக்காவது 1.8தான் மலிவு. காசு முழுவதும் கையில் இருந்திருந்தால் இந்த வரிக்கு இவ்வளவு கனம் இருந்திராது, நிலையான வைப்பில் கிடைக்கக்கூடிய வட்டியைத்தான் பார்த்திருப்போம்.

முடிவும் காரணமும்

வவுனியா அலியனை எடுத்தார்கள், மே மாதக் கடைசியில். முடிவு குடும்பத்தினுடையது. அவர்கள் என்னிடம் நேராகக் கேட்டபோது நானும் அதையே சொன்னேன், ஆனால் 1.8 என்பதற்காக இல்லை. காசு நெருக்கடியில் லீசிங் குறைவது முதல் காரணம். பாரத்தோடு ஏ9இல் முந்தும்போது கிடைக்கும் பாதுகாப்பு இரண்டாவது. ஹற்றன் ஏற்றத்தை நான் காரணமாகவே எடுக்கவில்லை. 1.5 மலை ஏறாது என்று சொல்வது உண்மையில்லை, நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் 1.5 பிரீமியோக்கள் தினமும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

உரிமை மாற்றும் முன்பு புகைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றையும் பார்த்தோம், பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனம் எதுவும் இன்னும் உரிமை கோருகிறதா என்றும் பார்த்தோம். யாழ்ப்பாணம் வரும் வழியில் முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள்.

பிறகு நடந்தது

முதல் வேலையாக ரேடியேற்றரை இறக்கிக் கழுவி, பழைய தண்ணீரை எல்லாம் வெளியேற்றி, சரியான கூலன்ற் ஊற்றினோம். ஜூலை நடுவில் மகன் கூப்பிட்டார், ஸ்ராட் பண்ணும்போது பெல்ற் கத்துகிறது, கீழே இளஞ்சிவப்பாக ஒரு துளி. வோட்டர் பம்ப் கசிந்தது. 2 இசட்ஆர் எஞ்சினில் இது தெரிந்த பலவீனம்தான். அதற்கு மேல் வருடக்கணக்காகக் கல்லுத் தண்ணீர் ஓடிய பம்ப் என்றால் உள்ளே சீல் தேய்ந்திருக்கும், படிவு அடைத்துக்கொண்டிருக்கும்வரை வெளியே தெரியாது, கழுவியதும் தெரிய வரும்.

இங்கேதான் சிசியின் உண்மையான விலை தெரிந்தது. 1 என்இசட்டுக்கு வோட்டர் பம்ப் என்றால் யாழ்ப்பாணத்தில் கடைக்குக் கடை இருக்கும், ஏனென்றால் அதே எஞ்சின் கொரோலாவிலும் விற்ஸிலும் அக்ஸியோவிலும் ஓடுகிறது. 2 இசட்ஆருக்கு ஸ்ரான்லி வீதிப் பக்கம் கேட்ட எந்தக் கடையிலும் இல்லை. ஒரு கடையில், பிரியஸிலும் இதே எஞ்சின்தானே என்று சொல்லிப் பிரியஸ் பம்பை எடுத்து வைத்தார்கள். பிரியஸில் இருப்பது இதே குடும்பத்து எஞ்சின்தான், ஆனால் அதன் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, அலியனில் பெல்ற் சுற்றுவது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஆள் விட்டு எடுப்பித்து, இரவு பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லி, காலையில் போய் எடுத்தோம். அந்தக் கிழமை முழுவதும் கார் என் கராஜில் நின்றது, மாஸ்டரின் மனைவி மறுபடியும் ஓட்டோவில்தான் கிளினிக் போனார். யாருக்காகக் கார் வாங்கினார்களோ அவரே ஓட்டோவில் போக வேண்டி வந்தது எனக்கு மிகவும் மனக்கஷ்டமாக இருந்தது.

பம்ப், பெல்ற், கூலன்ற், கூலி எல்லாம் சேர்த்து ஒரு வருடப் பெற்றோல் வித்தியாசத்தைவிடக் கொஞ்சம் கூடவே போனது. மாஸ்டர் கொப்பியில் அதையும் எழுதினார்.

ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஹற்றன் போய் வந்தார்கள். அதே நாளில் உறவினர் ஒருவர் 1.5 பிரீமியோவில் கூடவே போனார், அங்கேயும் ஐந்து பேர். இரண்டு காரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத்தான் சேர்ந்தன. கினிகத்தேனைக்கு மேலே 1.5 சத்தம் போட்டு ஏறியது, 1.8 பேசிக்கொண்டே ஏறியது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று மகன் சொன்னார். போய் வந்து இரண்டையும் நிரப்பிப் பார்த்தபோது 1.8 ஏழு லீற்றர் கூடக் குடித்திருந்தது. நாங்கள் போட்ட கணக்கில் ஐந்து.

ஊருக்குள் கிடைப்பது லீற்றருக்கு 8.2, எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூட வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பதுதான் அதற்குக் காரணம், மருமகள் அதை நிறுத்தினால் 8.5 வரும். ஏ9இல் 13.6, இது எதிர்பார்த்ததைவிட நல்லது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்தக் காருக்குப் பிறகு நான் ஆட்களிடம் கேட்பதும் செய்வதும் கொஞ்சம் மாறியிருக்கிறது. குறைவாகக் கிடைக்கிற எஞ்சின் உள்ள காரை யாராவது விரும்பினால், விலை பேசும் முன்பே மூன்று கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து வோட்டர் பம்ப், ஸ்ராட்டர், ஒல்ரநேற்றர், எஞ்சின் மவுன்ற் நான்கும் கையில் இருக்கிறதா, என்ன விலை என்று கேட்கச் சொல்கிறேன். இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்று அர்த்தமில்லை, ஒரு கிழமை கார் இல்லாமல் இருக்க முடியுமா என்பதை அந்தக் குடும்பம் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான். ஒரே காரை நம்பி நோயாளி இருக்கிற வீட்டுக்கு இது பெற்றோல் கணக்கைவிடப் பெரிய விஷயம்.

கிணற்றுத் தண்ணீர் ஓடிய ரேடியேற்றர் என்றால் கழுவும்போதே பம்பையும் மாற்றிவிடுவது. அந்தக் காசை வாங்கும் விலையிலேயே குறைத்துப் பேச வேண்டும், கழுவும் கூலியை மட்டும் குறைத்தால் போதாது.

லீசிங் இல்லாமல், வெளியூர் ஓட்டமும் இல்லாமல், ஊருக்குள் மட்டும் ஓட ஒருவர் இதே இரண்டு காரையும் கொண்டுவந்து கேட்டால் நான் மானிப்பாய் 1.5ஐத்தான் எடுக்கச் சொல்வேன். உதிரிப்பாகம் சைக்கிளில் போய் வாங்கலாம், விற்க நினைத்தால் ஒரு கிழமையில் விற்கும். அந்தக் கார் இப்போது கொக்குவிலில் வேறு ஒருவரிடம் இருக்கிறது, அதுவும் நன்றாக ஓடுகிறது.

மாஸ்டர் கொப்பியைத் தொடர்ந்து எழுதுகிறார். ஒவ்வொரு தடவை பெற்றோல் அடிக்கும்போதும் லீற்றர், கிலோமீற்றர், விலை, எங்கே ஓடியது என்று நாலு நிரல். சிவிடி ஒயில் அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று போன கிழமை கேட்டார், பழைய பில்லில் உள்ள மீற்றர் இலக்கத்தோடு 40,000ஐக் கூட்டி எழுதிவைக்கச் சொன்னேன்.